யாளிக்குத் தகடு இல்லை

வீட்டில் பல்லி இல்லை என்பதை இசக்கிராஜா மூன்றாவது நாள்தான் கவனித்தான்.

டியூப் லைட்டுக்குப் பின்னால் இரண்டு, காலண்டருக்குப் பின்னால் ஒன்று, சாமி படத்துக்குப் பின்னால் வால் அறுந்த ஒன்று என நான்கு பல்லிகள் அந்த வீட்டில் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்காத குடும்ப உறுப்பினர்களாக வாழ்ந்து வந்தன. சாயங்காலம் லைட்டைப் போட்டதும் அவை ஷிப்டுக்கு வந்துவிடும். அன்றைக்கு லைட்டைச் சுற்றிப் பூச்சிகள் மோதிக்கொண்டே இருந்தன. மோதி, களைத்து, சுவரில் உட்கார்ந்து, மறுபடி மோதி, கடைசியில் தரையில் உதிர்ந்தன. தின்பதற்கு ஆள் இல்லை. சுவர் வெறுமையாக, வெள்ளையாக, யாரோ துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது.

"எம்மா, பல்லியெல்லாம் எங்க?"

அவன் அம்மா ஆறுமுகத்தாய் பின்னறைச் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, இரண்டு காதிலும் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது.

"போயிருச்சு."

"எங்க போச்சு?"

"பயந்து போயிருச்சு" என்றாள்.  எதற்குப் பயந்து என்று அவன் கேட்கவில்லை.

அவனுடைய அண்ணன் சங்கரபாண்டி போய் நாற்பது நாள் தாண்டியிருந்தது. ராஜபாளையம் ரோட்டில், பட்டப்பகலில், ஹெல்மெட்டோடு, நிதானமான வேகத்தில் போனவன்மேல் ஒரு லாரி ஏறியது. எல்லா விதிகளையும் கடைப்பிடித்துச் செத்தான். அம்மா பதினாறாம் நாள் வரை அழுதாள். பிறகு நிறுத்திவிட்டாள். குளிப்பதை, தலை சீவுவதை, அடுப்படிக்குப் போவதை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். முதலில் அவளுக்கு உப்புத் தெரியாமல் போனது. அப்புறம் பசி தெரியாமல் போனது. இந்த வரிசையில் அடுத்து எது போகும் என்பது இசக்கிராஜாவுக்குத் தெரிந்திருந்தது. அப்பா எப்போதோ போய்விட்டார். இனி வீட்டில் மிச்சம் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

ஆகவே அவன் தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தான். தானே எழுதி, தானே பேசிப் பதிவு செய்த ஒரு தியானப் பயிற்சியை அவளுடைய போனில் ஏற்றிக் கொடுத்தான். பல்லி இல்லை என்று கவனித்தது அதன் மூன்றாவது நாள்.

படித்தது பி.காம். செய்வது, கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு கம்பெனியின் தியான ஆப்புக்குத் தமிழில் எழுதிக் குரல் கொடுக்கும் வேலை. புராண மிருகங்கள் எல்லாம் நமது உள்ளுணர்வின் படிநிலைகள் என்பது அந்தக் கம்பெனியின் கொள்கை. அன்னப்பறவை என்றால் விவேகம். நாகம் என்றால் உறங்கும் ஆற்றல். மகரம் என்றால் ஆசை. ஒவ்வொன்றுக்கும் இருபத்தொரு நாள், ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். துக்கத்துக்கு மிருகம் ஒதுக்க மறந்துவிட்டார்கள். "நீங்களே ஒண்ணு போட்டுக்கோங்க ப்ரோ" என்று மெசேஜ் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் ஒரு வடை தின்று முடிக்கும் நேரத்தில் அவன் யாளியைப் போட்டான்.

கோயில் தூண்களில் பின்னங்காலில் எழும்பி நிற்குமே, அந்த யாளி. சிங்க முகம், பிதுங்கிய கண், திறந்த வாய், வாய்க்குள் ஒரு கல் உருண்டை. விரலை விட்டு அந்த உருண்டையை உருட்டலாம். வெளியே எடுக்க முடியாது. 'துக்கமும் அப்படித்தான், உருட்டலாம், எடுக்க முடியாது' என்று எழுதினான். எழுதியபோது அவனுக்குத் துக்கம் எதுவும் இல்லை. பாண்டி அப்போது உயிரோடு இருந்தான். "நல்லா எழுதியிருக்கல" என்று சொல்லி மிச்ச வடையைப் பிடுங்கித் தின்றான்.

கடையநல்லூர் அல் அமீன், இசக்கியோடு கல்லூரியில் படித்தவன், ஒலிப்பதிவைச் சரி செய்து கொடுத்தான். இசக்கியின் குரல் கீச்சென்று இருக்கிறது, தியானத்துக்கு ஒத்து வராது என்று குரலைக் கொஞ்சம் இறக்கினான். இறக்கிய பிறகு அது அச்சு அசலாகப் பாண்டியின் குரலாக இருந்தது. அன்றைக்கு மூன்று பேரும் அதைக் கேட்டுச் சிரித்தார்கள்.

முதல் நாள் இயர்போனை மாட்டிக் கேட்ட அம்மா, பத்து நிமிடம் கழித்துக் கழற்றி, "பாண்டி பேசுதான்" என்றாள். இசக்கி 'இல்லைம்மா, நான்தான்' என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் அன்றைக்கு ஒரு வாய் சாப்பிட்டாள். அதனால் சொல்லவில்லை.

*

அந்தத் தெரு முழுக்க விசைத்தறி. காலையில் தொடங்கும் டடக் டடக், சுவர் வழியாக, தரை வழியாக, சாப்பிடும் தட்டு வழியாக உடம்புக்குள் ஏறி, அங்கேயே குடியிருந்து, கடைசியில் அது சத்தம் என்பதே மறந்துபோய்விடும். தெருக்காரர்கள் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். ரகசியத்தையும் கத்தித்தான் சொல்வார்கள். கரண்ட் போனால் மட்டும் அத்தனை தறியும் ஒரே நேரத்தில் நின்று, தெருவே திடீரென்று காது கேட்கத் தொடங்கும். பாதி வாக்கியத்தில் மாட்டிக்கொண்டவர்கள் ஒரு நொடி வெறும் காற்றில் கத்துவார்கள். பிறகு வெட்கப்பட்டுக் குரலை இறக்குவார்கள்.

பயிற்சியின் பத்தொன்பதாம் நாள் மதியம் கரண்ட் போனது. இசக்கி சோறு வடித்துக்கொண்டிருந்தான். தெரு அடங்கியது. கஞ்சி சொட்டும் சத்தம் கேட்டது. தூரத்தில் ஒரு பைக். பக்கத்து வீட்டில் குக்கர். எல்லாவற்றுக்கும் அடியில், வீட்டுக்குள்ளிருந்து, இன்னொரு சத்தம்.

கடகட.

நின்றது. மறுபடி கடகட. கூழாங்கல்லைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு மெல்லச் சாய்ப்பது போல. ஆனால் ஈரமாக.

பின்னறைக்குப் போய்ப் பார்த்தான். அம்மா பாயில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தாடை மட்டும் இடமிருந்து வலமாக, வலமிருந்து இடமாக, அவசரமில்லாமல் அசைந்தது. கன்னத்தின் உட்பக்கத்திலிருந்து ஏதோ ஒன்று உருண்டையாகப் புடைத்து, வழுக்கி, மறு கன்னத்துக்குப் போனது.

"எம்மா. வாயத் தொற."

கண் விழிக்காமலேயே அவள் வாயைத் திறந்தாள். போன் டார்ச்சை அடித்துப் பார்த்தான். நாக்கு. வெற்றிலைக் கறை. கடைவாயில் இரண்டு பல் விழுந்த பள்ளம். வேறொன்றும் இல்லை. விரலை விட்டுத் துழாவினான், வெறும் சூடு. அவனுக்குத் தன்மேலேயே சிரிப்பு வந்தது.

அவள் வாயை மூடினாள்.

கடகட.

அதோடு அவன் இன்னொன்றையும் கேட்டான். அம்மா மூச்சை இழுத்தாள், விட்டாள். அவள் விட்டதற்கும் அடுத்து இழுத்ததற்கும் நடுவே இருந்த இடைவெளியில், அதே உடம்பிலிருந்து, இன்னொரு மூச்சு. நீளமானது. பழைய எண்ணெய்ப் பிசுக்கும் வௌவால் நெடியும் கலந்த கல்மண்டப வாடை அதில் இருந்தது.

கரண்ட் வந்தது. தறிகள் எல்லாவற்றையும் மூடின.

*

வாசலுக்கு வந்து அமீனுக்குப் போன் போட்டான்.

"ஏலே, அந்த யாளி ஆடியோவ நிறுத்தணும்."

"ஆப்லயேவா? ஏன், உன் யாளி யாரையும் கடிச்சிட்டா?"

"எங்கம்மைய."

அமீன் சிரித்தான். இசக்கி சிரிக்கவில்லை என்று புரிந்ததும் நிறுத்தினான். "என்னல சொல்லுத?"

இசக்கி சொன்னான். தாடை, சத்தம், இரண்டு மூச்சு. சொல்லச் சொல்ல அவனுக்கே அது சின்னப் பயலின் பொய் மாதிரி இருந்தது.

"மாப்ள, அம்மைக்கு முடியல. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ. இதுல யாளி எங்க வந்துச்சு? அது குறியீடுன்னு நீதானல எழுதுன?"

"ஆமா."

"பொறவு?"

"இருபத்தொண்ணாம் நாள் என்ன எழுதியிருக்கேன்னு ஞாபகம் இருக்கா?"

அமீன் தேடிப் பிடித்து வாசித்தான். எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், ரயில்வே அறிவிப்பு மாதிரி வாசித்தான். "இன்று யாளி உங்கள் கண்களால் பார்க்கும். உங்கள் கைகளால் வேலை செய்யும். நீங்கள் சற்று ஓய்வெடுக்கலாம்." அதற்குக் கீழே தேடிவிட்டு, "இருபத்திரெண்டாம் நாள் எங்க?" என்றான்.

"எழுதல. அடுத்த கோர்ஸ்ல சேரச் சொல்லி முடிச்சிட்டேன்."

"வெளிய வார வழியே எழுதலையா?"

"அவங்க கேக்கல. நானும் எழுதல."

டாக்டரிடம் போனார்கள். தூக்க மாத்திரை கொடுத்தார். துக்கம் இருக்கத்தான் செய்யும் என்றும் சொன்னார். அவன் அம்மாவின் போனிலிருந்து பயிற்சியை அழித்தான். இயர்போனைப் பிடுங்கிப் பரணில் போட்டான். இருபதாம் நாள் காலையில் அவள் வெறும் காதோடு சுவரில் சாய்ந்து, கண் மூடி, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். குனிந்து கேட்டான். அவன் எழுதிய வாக்கியங்கள். ஒரு சொல் பிசகவில்லை. பாண்டியின் குரலில்.

"வேண்டாம்மா. நிறுத்தும்மா. அது நான் சும்மா எழுதுனது."

அவள் கண் திறந்து அவனைப் பார்த்தாள். ரொம்ப தூரத்திலிருந்து பார்த்தாள். கிணற்றுக்குள் இருந்து ஒருவர் மேலே பார்ப்பது போல.

"ராசா" என்றாள். "இது கனமா இருக்குல."

"எதும்மா?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். உருண்டை குறுக்கே வந்தது.

*

இருபத்தொன்றாம் நாள், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். ஒன்பதுக்குத் தெரு செத்தது. வீட்டுக்குள் கடகட மட்டும். நிற்காமல்.

பக்கத்து வீட்டு சண்முகசுந்தரி, ஆறு தறிக்கு முதலாளி, தறி ஓடாத நாளில் தெருவுக்கே முதலாளி, வாசலில் வந்து நின்றாள்.

"ஏலே இசக்கி, உங்கம்மைக்கு எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு சித்தி."

"பச்சத் தண்ணியும் குடிக்கலையாமே. நீ என்னமும் செய்யுதியா, இல்ல போன நோண்டிட்டே இருக்கியா?" எட்டிப் பார்த்தாள். குரல் இறங்கியது. "ஏலே, அவ முகம் ஏன் இப்படி நீண்டு போயிருக்கு? கோமதியம்மனுக்கு ஒரு தகடு வாங்கிப் போடு. பாம்பு வந்தா பாம்பு போடுதோம், தேளு வந்தா தேளு போடுதோம். வீட்டு மனுசிக்கு ஒண்ணு போடக் கூடாதா? நான் இங்கன இருக்கேன். ஓடு."

சங்கரன்கோவிலில் இது சாதாரணம். வீட்டில் பாம்பு தென்பட்டால் அடிக்க மாட்டார்கள். அதன் உருவம் அடித்த தகட்டை வாங்கி உண்டியலில் போடுவார்கள். அதற்குப் பிறகு அது வராது. கை கால் வலி என்றால் கை, கால். கண்ணில் புரை என்றால் கண். ஒரே தட்டில்தான் எல்லாத் தகடும் கிடக்கும். ஒரே உண்டியலில்தான் விழும். வரக் கூடாததும் குணமாக வேண்டியதும்.

இசக்கி ஓடினான். நம்பிக்கை என்று ஒன்றும் இல்லை. அவநம்பிக்கைக்கும் நேரம் இல்லை.

"அண்ணாச்சி, யாளி இருக்கா?"

தகட்டுக் கடைக்காரர் நிமிர்ந்தார். "என்னது?"

"யாளி. தூணுல நிக்கும்லா."

"தூணுல ஆனையுந்தான் நிக்கு. ஆனை வீட்டுக்குள்ள வந்துட்டா தம்பி?" தட்டைத் துழாவினார். "பாம்பு இருக்கு, தேளு இருக்கு. பூரான் நேத்தே தீந்துட்டு. யாளிக்கெல்லாம் தகடு இல்ல. யாருக்கு என்ன செய்யுது?"

"அம்மைக்கு."

"அத மொதல்லயே சொல்லணும். இந்தா, பொம்பள உரு. சொகமாகணும்னு நெனச்சுப் போடு."

கட்டை விரல் நீளத்துக்கு ஒரு பெண். கை கூப்பி நின்றாள். முகத்துக்கு இரண்டு புள்ளி, ஒரு கோடு. உள்ளங்கையில் எடையே தெரியவில்லை.

சந்நிதியில் கூட்டம். பின்னாலிருந்து ஒரு குடும்பம் முழங்கையால் தள்ளியது. விபூதி, வாடிய பூ, வியர்வை, நெய். அவன் உண்டியல் முன் நின்று கண்ணை மூடினான். மூடியதும் ஆறு வயசு ஞாபகம் வந்தது. கழிப்பறையில் சாரைப்பாம்பு கிடந்த வருஷம். பாண்டி அவனை இடுப்பில் தூக்கி இதே உண்டியலுக்கு மேல் பிடித்திருந்தான். 'சொல்லுல, நான் சொல்லச் சொல்லச் சொல்லு.' ஒவ்வொரு வருஷமும் அதே வார்த்தை. பாம்புக்கும் தேளுக்கும். உதடு தானாக அசைந்தது.

வீட்டுக்குள்ள வரக்கூடாது. வாசப்படி ஏறக்கூடாது. எங்க கண்ணுல படக்கூடாது.

விரல் விட்டது. டிங்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. விழுந்தது பாம்பு இல்லை, அம்மா.

"சொகமாகணும்" என்றான் அவசரமாக. "சொகமாகணும். அம்மைக்கு சொகமாகணும்." அனுப்பிய லெட்டருக்குத் திருத்தம் அனுப்புகிறவன் மாதிரி உண்டியல் வாயில் குனிந்து மூன்று முறை சொன்னான். உள்ளே இருட்டு. "தம்பி, போட்டாச்சுல்லா, நகருங்க" என்றார்கள்.

மனசில் நினைத்தது என்ன என்று அம்மனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்திருக்க வேண்டும். ரத வீதியில் வெயிலில் நடந்து வரும்போது அதைப் பலமுறை சொல்லிக்கொண்டான்.

*

தெருமுனையிலேயே தாளித்த வாசம் வந்தது.

கதவு திறந்திருந்தது. அம்மா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். நின்றுகொண்டு. தலை சீவிக் கொண்டை போட்டிருந்தாள். வேறு சேலை. எண்ணெய்ச் சட்டியில் வற்றல் மிளகாய் கருகி, வீடு முழுக்க நெடி. வாசலில் சண்முகசுந்தரி இருமிக்கொண்டே, கண்ணில் தண்ணீர் வழிய, சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னேம்லா! பன்னெண்டே கால் இருக்கும். சடக்குன்னு எந்திரிச்சா. குளிச்சா. அரிசி எங்கன்னு கேட்டா. அம்மன் கை விடல பாத்தியா?"

பன்னிரண்டே கால். தகடு விழுந்த நேரம். கடகட நின்றிருந்தது.  அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். மிளகாய் நெடி என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

"கையைக் கழுவிட்டு உக்காரு, இசக்கிராஜா" என்றாள் அம்மா.

புளிக்குழம்பு. அப்பளம். உப்பு சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. சண்முகசுந்தரி திருப்தியோடு போய்விட்டாள். இசக்கி மூன்றாவது கவளத்தில்தான் யோசித்தான். அம்மா அவனை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

நிமிர்ந்தான். அவள் அடுப்பின் மேல் குனிந்திருந்தாள். புகை அவள் முகத்துக்கு நேராக ஏறியது. அவளுக்கு இருமல் இல்லை. கண்ணில் ஈரம் இல்லை. இமை இறங்கவில்லை. கரண்டியோடு கூடத்துக்கு வந்தாள், மாலை போட்ட பாண்டியின் படத்தைக் கடந்தாள். இத்தனை நாளில் அந்தப் படத்தைக் கடக்கும்போதெல்லாம் அவள் தோள் ஒரு விரற்கடை இறங்கும். இப்போது இறங்கவில்லை. கேஸ் சிலிண்டரைக் கடப்பது போலக் கடந்தாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு?"

"போதும்மா."

வாசலில் யாரோ தண்ணீர் மொள்ளும் சத்தம்.

வீட்டுக்கு வெளியே, படி ஓரத்தில் நீல டிரம் ஒன்று உண்டு. ஆறேழு நாளுக்கு ஒரு தரம் வரும் முனிசிபாலிடித் தண்ணீரை அதில் பிடித்து வைப்பார்கள். மக் டிரம்மில் இடித்தது. தண்ணீர் விழுந்தது. காலைக் காலால் தேய்த்துக் கழுவும் சத்தம். வெளியே போய்விட்டு வந்தால் அம்மா அப்படித்தான் கழுவுவாள், இடது காலால் வலதை, வலது காலால் இடதை.

"ஏலே ராசா."

கவளம் கையில் நின்றது.

"ராசா. நான்தாம்ல. கதவு தொறந்துதான இருக்கு? ஏன் என்னால ஏற முடியல?"

எழுந்தான். வாசலுக்கு வந்தான். இரண்டு மணி வெயிலில் தெரு வெள்ளையாகக் கிடந்தது. ஆட்டோ நிழலில் ஒரு ஆடு. ஆள் யாரும் இல்லை. மூன்று சிமெண்டுப் படி. முதல் படியில் இரண்டு ஈரப் பாதம். இரண்டாம் படியில் இரண்டு. இடது பாதத்தில் குதிங்கால் பதியவில்லை. எட்டு வருஷத்துக்கு முன் எலும்பு முறிந்து, அவள் ஊன்றாத குதிங்கால். மூன்றாம் படி காய்ந்திருந்தது.

"எம்மா?"

"இங்கனதான இருக்கேன்." குரல் அவன் முகத்துக்கு முன்னாலிருந்து வந்தது. அழுத குரல். இத்தனை நாளாக அவன் கேட்க ஏங்கிய குரல். வாயில் கல் இல்லை, தெளிவாக இருந்தது. "நல்லாத்தான் இருந்தேன் ராசா. கனமெல்லாம் எறங்கிட்டு. உன்னப் பாக்கணும் போல இருந்துச்சு. முழிச்சுப் பாத்தா தெருவுல நிக்கேன். காலத் தூக்கி வைக்கேன், வைக்கேன், அங்கனயே நிக்கு. நான் என்னல தப்பு பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலம்மா. உள்ள வா."

"கூப்பிடுதியே. வர முடியலையே."

அவன் படியிறங்கிக் கையை நீட்டினான். சூடான காற்று. வலப்பக்கம் துழாவினான். இடப்பக்கம். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்த்தான். வீட்டுக்குள்ள வரலாம். வாசப்படி ஏறலாம். கண்ணுல படலாம். ஆடு அவனைப் பார்த்தது. உண்டியலில் விழுந்தது விழுந்ததுதான்.

பின்னாலிருந்து, வீட்டுக்குள்ளிருந்து, அதே குரல்.

"யாருட்ட பேசுத, இசக்கிராஜா?"

திரும்பினான். நிலைக்கதவில் கை வைத்து அவள் நின்றாள். கொண்டை, சேலை, கரண்டி. அவன் கண்களையே பார்த்தாள். பிதுங்கிய பார்வை. இமைக்கவில்லை.  அவன் வாய் தானாகச் சொன்னது.

"யாருமில்ல."

உள்ளே இருந்தவள் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனாள்.

 வெளியிலிருந்து, மெல்ல:

"யாருமில்லையா, ராசா?"

"எம்மா, நான் பயந்துபோயி..."

கரண்ட் வந்தது.

தெருவில் இருந்த அத்தனை தறியும் ஒன்றாக எழுந்தன. டடக் டடக் டடக். அவன் கத்தினான். அவளும் கத்தியிருப்பாள். ஒன்றும் கேட்கவில்லை. கண்ணுக்கும் இல்லை, காதுக்கும் இல்லை. படியில் இருந்த ஈரம் விளிம்பிலிருந்து சுருங்கத் தொடங்கியது.

அவன் மக்கைப் பிடுங்கித் தண்ணீரை மொண்டு படியில் ஊற்றினான். ஈரத்தில் பாதம் பதிந்தது. முதல் படி. இரண்டாம் படி. அங்கேயே எழும்பி, அங்கேயே இறங்கியது. இன்னொரு மக். பாதம். வெயில் குடித்தது. இன்னொரு மக். தெருவில் போன ஒருவர் வண்டியை நிறுத்தி, "படி கழுவ இதால நேரம்?" என்று சைகையில் கேட்டுவிட்டுப் போனார். மக் டிரம்மின் அடியில் சுரண்டியது. டிரம்மைச் சாய்த்தான். கடைசித் தண்ணீர் ஒரு கோடாக ஓடி இரண்டாம் படியில் நின்றது. அதில் ஒரு பாதம். இடது. முதலில் பாதத்தின் நடு காய்ந்தது. பிறகு சுண்டு விரல். ஒவ்வொன்றாக. பெருவிரல் கடைசி.

வெறும் சிமெண்ட்.

அவன் மண்டியிட்டு, அது இருந்த இடத்தில் உள்ளங்கையை மல்லாத்தி வைத்தான்.

காத்திருந்தான்.

குளிர்ந்த, பித்தவெடிப்பு விழுந்த ஒரு கால் அவன் கைமேல் ஏறி நின்றது. முழு எடையும். எலும்பு நெரிந்தது. இறங்கியது. மறுபடி ஏறியது. இறங்கியது.

ஏறியது.